சைக்கிள் கட்டத்தில் நாற்பத்தொரு வண்டிகள்

முதலியார்பேட்டை சிக்னலுக்கு நூறடி இருக்கும்போதே மீன் வண்டிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். முன்னால் போகிறவர் அணைப்பார், அவரைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் அணைப்பார். வீராம்பட்டினத்திலிருந்து அதுவரை தூங்குகிறவர்களையெல்லாம் உலுக்கிக்கொண்டு வந்த சத்தம் பட்டென்று நின்றுபோகும். அப்புறம் காலால் மிதிதான். சிக்னலில் நிற்கிற போலீஸ்காரரைப் பார்த்து ஒரு சலாம். தாண்டி வளைவில் திரும்பியதும் மறுபடி எஞ்சின்.

முன்னால் பெட்டி, பின்னால் சீட்டு, மூன்று சக்கரம். அதில் காயலான் கடையில் வாங்கிய பழைய மொபெட் எஞ்சினை வெல்டிங் வைத்து மாட்டியிருப்பார்கள். நம்பர் கிடையாது, ஆர்.சி. புக் கிடையாது, சைலன்சர் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஆனால் பெடலை மட்டும் யாரும் கழற்றியதில்லை. மிதித்துக்கொண்டு போனால் சைக்கிள். சைக்கிளை யார் பிடிப்பார்கள்? எஞ்சினிலிருந்து புகை இன்னும் வந்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நூறடிக்கு அது சைக்கிள்தான் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புசெல்வியின் அப்பா பாலகுருவும் அப்படித்தான் பதினாறு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார். அவளுக்கு வயது பதினேழு. பன்னிரண்டாவது முடித்துவிட்டு காலேஜ் சீட்டுக்காகக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில்தான் அவளுக்கு அந்த வேலை வந்தது.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்திருந்தது. புதுச்சேரி ரோடுகளில் எவ்வளவு சத்தம் என்று வரைபடம் போடப்போகிறார்களாம். ஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர் நாலு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்ததில் அவளும் ஒருத்தி. இன்ஜினியர் பெயர் அறிவுமதி. முப்பது வயதுகூட இருக்காது, எப்போதும் லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடியே நிற்பாள். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"ஊர் முழுக்க மீட்டர் வெக்க முடியாது. அதுக்குத்தான் கம்ப்யூட்டர் மாடல். ஒவ்வொரு வண்டிக்கும் இவ்ளோ சத்தம்னு அதுல போட்டிருக்கோம். எந்த ரோட்ல எத்தனை வண்டி, என்ன வண்டி, என்ன வேகம்னு நீங்க எண்ணிக் குடுத்தா, எந்த வீட்டு ஜன்னல்ல எவ்ளோ சத்தம் விழும்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிடும். மாடல் சரியா சொல்லுதான்னு பாக்க இருபது இடத்துல மட்டும் மீட்டர். அதனால எண்ணிக்கை தப்பாச்சுன்னா எல்லாமே தப்பு. புரியுதா?"

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்புசெல்விக்கு விழுந்தது பதினாலாம் நம்பர் இடம், முதலியார்பேட்டை சிக்னல். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை. பூட்டிய மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து, அட்டையில் செருகிய தாளில் கோடு போட வேண்டும். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. இருசக்கரம், ஆட்டோ, கார், மினிவேன், பஸ், லாரி, கடைசியில் சைக்கிள் என்று ஏழு கட்டம். அவளுக்கு இருநூறடி தெற்கே ஒரு காம்பவுண்டுக்குள், இரும்புக் கூண்டில் முக்காலி மேல் மீட்டர் நின்றது. அதற்குப் பொறுப்பு ஹரிகிருஷ்ணன். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். டிப்ளமோ படித்துவிட்டு இந்தக் கம்பெனியில் ஒரு வருஷமாகத் தினக்கூலியாக இருந்தான். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"தா பாரு பாப்பா, கோடு போடச் சொன்னா கோடு போடணும். தூக்கக் கலக்கத்துல கோலம் போட்டுடாத" என்றான் முதல் நாள்.

"நீங்க மீட்டருக்குத் தாலாட்டுப் பாடாம இருந்தா சரிண்ணா."

"வாயப் பாரு! வீராம்பட்டினம்னு எழுதி ஒட்டியிருக்குது."

முதல் நாள் விடியற்காலை மீன் வண்டிகள் வருவது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்தது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இருமிக்கொண்டு வருவது பாலாஜி மாமா வண்டி. அழுகிற மாதிரி இழுப்பது பின்தெரு ஜெயம் அக்கா புருஷனுடையது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கரண்டியால் தட்டுகிற மாதிரி டக், டக் என்று செயின்கவர் அடித்துக்கொண்டால் அப்பா. கூட்டமாக வந்தன, நூறடியில் அணைந்தன. அவள் முன்னால் பெடல் கிறீச்சிட ஒவ்வொன்றாகப் போயின.

பாலகுரு அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "என்னா மேடம், என்னயும் எழுதிக்கினீங்களா?" என்று கத்தினார். அவருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதி. பதினாறு வருஷ எஞ்சின். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்புசெல்வி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிள் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அதில் யோசிக்க என்ன இருந்தது? அவள் கண் முன்னால் அவர் மிதித்துக்கொண்டுதானே போனார்.

ஐந்திலிருந்து ஆறுக்குள் சைக்கிள் கட்டத்தில் ஐம்பத்தெட்டு கோடு. அதில் நாற்பத்தொன்று மீன் வண்டி. மூன்று நாளும் ஏறக்குறைய அப்படியே.

மூன்றாம் நாள் எட்டரை மணிக்கு டீக்கடையில் ஹரிகிருஷ்ணன் அவளுடைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அழகாக எண்ணியிருக்கிறாய் என்று பாராட்டினான். ஒரு லாரி என்றால் பத்து காருக்குச் சமம், வண்டி இரண்டு மடங்கானால் சத்தத்தில் மூன்று டெசிபல் கூடும் என்றெல்லாம் பன்னை டீயில் முக்கிக்கொண்டே சொல்லிக் கொடுத்தான்.

"சைக்கிளுக்கு எவ்ளோண்ணா போடுவீங்க?"

"சைக்கிளுக்கா? சைபர்தான். சைக்கிள் என்னா கத்திக்கினா போவுது?"

அன்புசெல்வி சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்பத்தொரு வண்டி. சைபர். டீ டம்ளரைக் கீழே வைத்தபோது கொஞ்சம் தாளில் சிந்தியது.

"என்னாடி, சூடா இருக்குதா?"

"ஆமாண்ணா."

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்புறம் எத்தனையோ நாள் அந்த இடத்துக்கே அவள் மனம் திரும்பிப் போனது. டீக்கடை, பன், அந்த ஒரு நிமிஷம். சொல்லியிருந்தால் ஹரி அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "சரி, மாத்திக்கலாம்" என்றிருப்பான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அறிவுமதி வந்துவிட்டாள்.

காரின் பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். "எல்லா இடமும் ஒத்துப்போகுது. பதினாலு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. அஞ்சுலேர்ந்து ஆறு மணிக்கு மாடல் அறுபத்தொன்பது சொல்லுது, மீட்டர் எழுபத்தாறு."

"ஏழுதான மேடம்" என்றான் ஹரிகிருஷ்ணன்.

"ஏழுதானேயா? ஹரி, ஏழு டெசிபல்னா அஞ்சு மடங்கு வண்டி ஓடியிருக்கணும். இந்தப் பொண்ணு பத்து வண்டிய விட்டிருக்கலாம், இருபது விட்டிருக்கலாம். அஞ்சுல நாலு பங்க விட்டுட்டுத் தூங்கினாளா?" அவள் அன்புசெல்வி பக்கம் திரும்பினாள். குரல் கடுமையாக இல்லை. "அன்பு, கட்டத்துல சேராத வண்டி ஏதாவது ஓடுதாம்மா? நம்பர் இல்லாதது, உள்ளூர்ல கட்டினது, அந்த மாதிரி? இருந்தா பயப்படாம சொல்லு. அதுக்குத் தனிக் கட்டம் போட்டுக்கலாம். ரிப்போர்ட்டோட அந்த லிஸ்ட்டும் போகும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு காப்பி போகும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே காலையில் பதினோரு வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் அப்பாவுடையதும் ஒன்று. நாலு மாசம் ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடந்தது. அந்த நாலு மாசமும் அம்மா பச்சையம்மாள் கூடையைத் தலையில் வைத்து நெல்லித்தோப்பு வரை நடந்தாள். கழுத்து வளைந்தது இன்னும் நிமிரவில்லை. அப்பா கடற்கரையில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"இல்ல மேடம். அப்டி ஒண்ணும் ஓடல" என்றாள் அன்புசெல்வி.

"அப்ப மீட்டர்லதான் கோளாறு" என்றாள் அறிவுமதி.

அன்று மத்தியானம் ஹரிகிருஷ்ணன் அவளை மருந்துக்கடைப் படிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தான். கையில் கூண்டிலிருந்து எடுத்துவந்த மீட்டர், அதைச் சரிபார்க்கிற ஒரு சின்ன உருளை. உருளையை மீட்டரின் மூக்கில் மாட்டினால் ஒரே சீராக ஊதும், மீட்டர் தொண்ணூற்று நாலு காட்ட வேண்டும். மாட்டினான். தொண்ணூற்று நாலு. கழற்றி மறுபடி மாட்டினான். அதேதான்.

"சரியாத்தான் காட்டுது" என்றான் தனக்குத்தானே. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். "பாப்பா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். மீட்டர் கூடவே ஆள் இருக்கணும், அதான் ரூல். நான் இல்ல. எங்க ஊர்ல விடியக்காலம் மூணு மணிக்குத்தான் த்ரீ-ஃபேஸ் கரண்டு வருது. அப்பாவுக்கு முட்டி போயிடுச்சு, வரப்புல நடக்க முடியல. கூண்டப் பூட்டிட்டுப் போயி மோட்டார் போட்டுத் தண்ணி கட்டிட்டு, எட்டு மணிக்குள்ள திரும்பிடுவேன். மேடத்துக்குத் தெரியாது. இந்த மீட்டர் நம்பரத்தான் எழுதும், சத்தத்தப் புடிச்சி வெக்காது. அதனால என்னா சத்தம்னு கேட்டா எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அங்கதான இருந்த. நல்லா யோசிச்சிச் சொல்லு. ஜெனரேட்டர் ஓடுச்சா? கோயில்ல ஸ்பீக்கர் போட்டாங்களா? ரோட்ட நோண்டினாங்களா? எதுனா ஒண்ணு சொல்லு அன்பு. எனக்கு அது போதும்."

அவன் கெஞ்சுகிறான் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வயசில் பெரியவர்கள் யாரும் அவளிடம் அதுவரை கெஞ்சியதில்லை.

"ஒண்ணும் இல்லண்ணா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

"எப்பவும் போல" என்று அவன் திரும்பச் சொன்னான். உருளையைப் பையில் போட்டுக்கொண்டான். "அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

இரண்டு நாள் கழித்து அவனை அனுப்பிவிட்டார்கள். கூண்டை விட்டுப் போனது எப்படியோ தெரிந்துபோனது. கேட்டபோது அவனே ஒப்புக்கொண்டானாம். பதினாலாம் இடத்து மீட்டர் கணக்கு நம்பத் தகுந்ததல்ல என்று தள்ளிவிட்டு, மாடல் சொன்ன எண்ணையே வைத்துக்கொண்டார்கள். போகிற அன்று பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்து, "நல்லாப் படி பாப்பா. கோடெல்லாம் சுத்தமா போட்ட" என்றான்.

அந்த வாரம் முழுக்க யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அப்பாவிடம் சொல்லலாமென்றால் அவரிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. அவர் காதில் விழுகிற அளவுக்குச் சொன்னால் தெருவுக்கே விழும். "ஆர்.டி.ஓ." என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வெளியே போனால் போதும், நாற்பத்தொரு வண்டிக்காரர்களும் வாசலில் நிற்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். மார்க்கெட்டில் மீன் இறக்க அவளே கூடப் போனாள். முன் பெட்டியில் ஐஸ் கூடைகளுக்கு நடுவே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் சீட்டில் அப்பா. எஞ்சின் முதுகெலும்பு வழியாக ஏறி பல்லைக் கிட்டவைத்தது. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது அவளுக்குத் திடீரென்று தோன்றியது, இங்கே எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. அப்பா அவள் உதட்டைப் பார்க்கவும் முடியாது.

முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் சத்தத்தைக் கூட்டினாள்.

"அப்பா, நான் பொய் சொல்லிட்டேன்பா! உன் வண்டிய சைக்கிள்னு எழுதிட்டேன்! எல்லார் வண்டியயும்! தெரியாமத்தான்பா மொதல்ல எழுதினேன், அப்புறம் தெரிஞ்சும் சொல்லல! அந்த அண்ணன் எங்கிட்ட வந்து கெஞ்சுச்சுப்பா! நான் பாக்காத மாதிரி இருந்தேன்!"

எஞ்சின் அத்தனையையும் விழுங்கிக்கொண்டே போனது. அவள் அழுதுகொண்டே, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். ஊருக்கு நடுவே, விடிகிற நேரத்தில், யார் காதிலும் விழாமல் கத்தினாள். முருங்கப்பாக்கம் போனது தெரியவில்லை. சிக்னல் வருவதும் தெரியவில்லை.

"அந்த அண்ணன் வேல போனது என்னாலதான்பா, உன் வண்டிக்காக..."

பாலகுரு எஞ்சினை அணைத்தார்.

அவள் குரல் மட்டும் நடுரோட்டில் தனியாக நின்றது. டீக்கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். சிக்னல் போலீஸ்காரர் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் பெடல் கிறீச், கிறீச் என்று சுற்றியது. போலீஸ்காரரைத் தாண்டும்வரை அப்பா மிதித்துக்கொண்டே இருந்தார்.

வளைவில் திரும்பியதும் வண்டியை நிறுத்தினார். இறங்கி முன்னால் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"வண்டிக்காகன்னு என்னுமோ சொன்னியே. என்னா வண்டிக்கு?"

அவர் கண்ணில் அதற்குள் பயம் வந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் வண்டி கிடந்தபோது இருந்த அதே பயம். அவள் பார்த்தாள். உதட்டை அகலமாக அசைத்து, அவருக்குப் புரிகிறபடி சொன்னாள்.

"ஒண்ணுமில்லப்பா. ஐஸ் தண்ணி மேல ஊத்திடுச்சு."

"அதுக்கா அழுவுற, பைத்தியம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். மீன் வாடை அடித்த அந்தத் துண்டில் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்தபோது அவள் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஒரு சாயங்காலம் வீடு திரும்பும்போது படகுத்துறைப் பக்கம் வண்டிக்காரர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். பாலாஜி மாமா செல்போனைத் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "அன்பு வந்துடுச்சு. படிச்ச பொண்ணு. இத என்னான்னு சொல்லு கண்ணு" என்று போனை நீட்டினார்.

போக்குவரத்து மாற்றம் பற்றிய அறிவிப்பு. நகருக்குள் வரும் கனரக லாரிகள் இனி காலை நாலிலிருந்து எட்டு வரை முதலியார்பேட்டை வழியாக அனுமதிக்கப்படும். இரைச்சல் ஆய்வின்படி அந்த நேரத்தில் அந்தச் சாலையில் சத்தம் குறைவு, இன்னும் தாங்கும். ஆனால் அந்த நேரத்தில் மணிக்கு ஐம்பத்தெட்டு சைக்கிள் வகை வண்டிகள் மெதுவாகச் செல்வதாக எண்ணிக்கையில் தெரியவருவதால், பாதுகாப்பு கருதி, சைக்கிள் உள்ளிட்ட மிதித்து ஓட்டும் எல்லா வண்டிகளுக்கும் அந்த நான்கு மணி நேரமும் தடை.

ஐம்பத்தெட்டு. அவளுடைய கோடுகள். நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே.

"என்னா போட்டிருக்கான்?" என்று பாலகுரு கேட்டார். யாரும் அவர் காதில் கத்தவில்லை. கத்த யாருக்கும் மனசு வரவில்லை.

"சைக்கிள் போவக்கூடாதாம்ப்பா" என்றாள் அவள், உதட்டை அசைத்து.

"எஞ்சின் போட்டா புடிப்பான், மிதிச்சாலும் கூடாதா?" பாலாஜி மாமா சிரித்தார். "தூக்கிக்கினு போவலாமா, கேட்டுச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. படகு கரைக்கு வருவதே நாலு மணிக்கு. எட்டு மணிக்கு மேல் போனால் மார்க்கெட்டில் யார் நிற்பார்கள்? ஒரு மாசத்துக்குள் வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு குட்டியானை வண்டி கொண்டுவந்து மொத்த மீனையும் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார். நாற்பத்தொரு வண்டியும் அவரவர் வாசலில் நின்றன.

அப்பாவின் வண்டி ஓடாமல் நின்ற முதல் ராத்திரியே அவள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். விடியற்காலை மணி மூன்று தாண்டியிருக்கும். எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சிக்னல், நூறடி, பெடல், சைபர், அப்பா, ஸ்டேஷன் வாசல். அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம்.

"அண்ணா?"

"இருக்கேன்." மெதுவாகக் கேட்டான், "மீட்டர் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தாண்ணா இருந்துச்சு."

"நான் கனவுல கூட அந்த மீட்டரத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருந்தேன் பாப்பா. பேட்டரியா, காத்தா, ஸ்குரு லூசான்னு. அடுத்ததா ஒரு எடத்துல வேலைக்குக் கூப்ட்டாங்க. கருவியத் தொடவே பயமா இருந்துச்சு. வரலன்னுட்டேன்."

"நான் மேடத்துக்கு எழுதிடறேண்ணா. எல்லாத்தையும் எழுதிடறேன்."

"எழுது." கொஞ்சம் பொறுத்து, "இப்ப உங்கப்பா வண்டி ஓடலல்ல?" என்றான்.

"ஓடலண்ணா."

"அதான் இப்ப சொல்ற."

அவன் திட்டவில்லை, கத்தவில்லை. போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறிவுமதிக்கு மூன்று பக்கம் எழுதினாள். நான்கு நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது. 'ரிப்போர்ட் கொடுத்தாச்சும்மா, ப்ராஜெக்ட் முடிஞ்சுது. அன்னிக்கே கேட்டேனே?'

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பாலகுரு வீட்டிலேயே கிடந்தார். வண்டியை விற்கலாம் என்று பச்சையம்மாள் சொன்னாள். யார் வாங்குவார்கள்? எஞ்சின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். பெட்டிக்குள் கோழி அடைந்தது.

ஒரு ராத்திரி பாலகுரு எழுந்து உட்கார்ந்தார். "அன்பு, வண்டி ஓடிக்கினே இருக்குது பாரு. எண்ணெ வீணாப் போவுது. போய் அணைச்சிட்டு வா."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். வாசலில் மழை மட்டும்தான். "வண்டி ஓடலப்பா. நின்னுதான் இருக்குது."

"என்னாடி பேசற, எங்காதுலயே இடிக்குது. டக்கு டக்குன்னு செயின்கவர் அடிக்கல? உனக்குக் கேக்கல?" இரண்டு கையாலும் காதைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். பொத்தினாலும் நிற்காததைக் கண்டு அவர் முகம் குழம்பியது. "போடி, போய் அணை."

பச்சையம்மாள் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

காதுக்குள் ஓடுகிற எஞ்சினை எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே போனாள். மழையில் நின்று சாக்கை விலக்கி எஞ்சின் மேல் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. வண்டியின் சாவியை ஒரு பக்கம் திருப்பினாள், மறுபக்கம் திருப்பினாள். பெட்டிக்குள் கோழி ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது. ரோட்டுப் பக்கம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்து, அப்பாவின் வலது காதருகே குனிந்தாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அணைச்சிட்டேன்பா!"

"அதான் சொன்னேன்ல" என்றார் அவர். படுத்துக்கொண்டார். கண்ணை மட்டும் மூடவில்லை.

மறுநாள் ராத்திரியும் எழுப்பினார். அதற்கு மறுநாளும். இப்போதெல்லாம் அவர் கூப்பிடுவதற்கு முன்பே அவள் விழித்துக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.